மாடியில் 0.14, சமையல் மேடையில் 0.27: சுரங்கத்துப் பக்கம் குடியிருக்கிறோம், பயப்பட வேண்டுமா?

முந்திரிக்காடு | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எங்கள் வீடு நெய்வேலி மந்தாரக்குப்பம் பக்கம். மாடியில் நின்றால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு தெரியும். ராத்திரியானால் மண் வாரும் சக்கர இயந்திரத்தின் விளக்கு தெரியும். பிறந்ததிலிருந்து இதே காட்சிதான், அதனால் இதுவரை எதுவும் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். வயது 61. முப்பது வருஷம் ஒப்பந்த வேலை, மண்ணிலும் தூசியிலும். பீடியும் உண்டு, மறைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது: "பழுப்பு நிலக்கரியில் யுரேனியம் இருக்கிறது, சாம்பல் அணு உலையைவிட மோசம்." துபாயிலிருந்து வந்த மச்சான் கையடக்கமாக, கதிர்வீச்சு அளக்கும் ஒரு கைகர் கருவி வாங்கி வந்திருந்தார். வீடு முழுக்க வைத்துப் பார்த்தோம். எல்லாம் மணிக்கு மைக்ரோசீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சின் அளவு) கணக்கில்:

மாடி 0.14
கூடம் 0.19
சமையல் மேடை 0.27
வாசலில் அடுக்கியிருக்கும் ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல் 0.22

இந்தக் கல் பெரியப்பா வீடு கட்ட இறக்கியது. நாலாயிரம் கல். எண்ணைப் பார்த்ததும் அவர் வேலையை நிறுத்திவிட்டார். கொத்தனார் வேறு சைட்டுக்குப் போகப் போகிறேன் என்கிறார். இந்த எண்ணுக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஊரை விட்டே போக வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 10.15

இதில் கேட்க என்ன இருக்கிறது தம்பி? பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. உங்கள் 0.27-ஐ 8,760 மணி நேரத்தால் பெருக்குங்கள். ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி, ஆக 2.37 மில்லிசீவர்ட் வருகிறது. இரண்டு மடங்குக்கு மேல். இதைத்தான் இத்தனை வருஷமாக மூடி வைத்திருக்கிறார்கள்.

கொத்தனார்_மகன் | செவ்வாய், இரவு 10.22

சமையல் மேடையில் 24 மணி நேரமும் படுத்திருப்பவர் யார் அண்ணே?

பழைய_டோசிமீட்டர் | புதன், காலை 6.10

தம்பி, அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் எழுதுங்கள். நான் லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை கதிர்வீச்சு அளக்கும் ஆய்வகத்தில்தான் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை சொன்ன பெருக்கல் சரி, ஒப்பிட்ட இடம் தவறு. அந்த 1 மில்லிசீவர்ட், இயற்கையாக வருவதற்கு மேல் மனிதச் செயலால் கூடுதலாகச் சேருவதற்கான வரம்பு. மண், பாறை, வானம், சாப்பாடு, மூச்சு என்று இயற்கையிலிருந்தே உலகச் சராசரி மனிதனுக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் சேருகிறது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. அதில் நொடிக்கு ஏறக்குறைய நாலாயிரம் அணு சிதைகிறது. சுரங்கம் பக்கம் போகாதவருக்கும் அப்படித்தான்.

அடுத்தது கருவி. அதன் 'டிக்' சத்தம் சீராக வராது, மழைத்துளி ஓட்டில் விழுகிற மாதிரி. ஒரு நிமிஷத்தில் 25 எண்ணினால் அடுத்த நிமிஷம் 20 வரலாம், 30-ம் வரலாம். நீங்கள் எத்தனை நேரம் வைத்துப் பார்த்தீர்கள்? திரையில் ஓடுகிற எண்ணில் பெரியதைக் குறித்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். மொத்த டிக்கையும் எண்ணிப் பத்தால் வகுங்கள். 250 டிக் கிடைத்தால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஆறு சதவீதமாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, சமையல் மேடை. கறுப்பா, சிவப்பா? கிரானைட் என்றால் அதில் தோரியமும் பொட்டாசியமும் சாதாரண மண்ணைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆக, உங்கள் வீட்டிலேயே அதிக எண் காட்டிய பொருள் மார்பிள் கடையிலிருந்து வந்தது. சுரங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முந்திரிக்காடு | புதன், காலை 7.30

சிவப்புக் கிரானைட்தான் சார். விருத்தாசலத்தில் வாங்கியது. அம்மா ஆசைப்பட்டு வாங்கினார், அவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

அப்பா பரவாயில்லை. இரண்டாவது கீமோ முடிந்திருக்கிறது.

கெடிலக்கரை | புதன், காலை 8.05

சரி, வரம்பு விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் சாம்பல்? நிலக்கரியை எரித்தால் கரி போய்விடும், யுரேனியமும் தோரியமும் எங்கே போகும்? சாம்பலில்தானே தங்கும்? அதற்கு உங்கள் ஆய்வகம் என்ன சொல்கிறது?

பழைய_டோசிமீட்டர் | புதன், காலை 9.20

நல்ல கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. நூறு கிலோ எரித்துப் பத்துக் கிலோ சாம்பல் மிஞ்சினால், எரியாத உலோகமெல்லாம் அந்தப் பத்துக் கிலோவுக்குள் நெருங்கிவிடும். பத்து மடங்கு செறிவு. நெய்வேலி லிக்னைட்டில், அதாவது பழுப்பு நிலக்கரியில், பாதிக்குப் பாதி ஈரம், சாம்பல் வடக்கத்தி நிலக்கரியைவிட ரொம்பக் குறைவு. அதனால் இந்தப் பெருக்கல் இங்கே கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் பெருக்கப்படும் எண் முதலில் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். லிக்னைட் என்பது மக்கிய மரம், அதில் யுரேனியம் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அமெரிக்காவில் வடக்கு டக்கோட்டாவில் 1960-களில் யுரேனியத்துக்காகவே லிக்னைட்டைத் தோண்டினார்கள். நெய்வேலி அந்த வகை இல்லை. இங்கே தோண்டுவது எரிக்கத்தான்.

கட்டுமானப் பொருளுக்கு உலகமெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோவில் உள்ள ரேடியத்தின் பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்), தோரியத்தை 1.43-ஆல் பெருக்கியது, பொட்டாசியத்தை 0.077-ஆல் பெருக்கியது, மூன்றையும் கூட்ட வேண்டும். 370-ஐத் தாண்டக் கூடாது. உலகச் சராசரி மண்ணைப் போட்டுப் பாருங்கள்: ரேடியம் 35, தோரியம் 30, பொட்டாசியம் 400. கூட்டினால் 109 வரும். அந்த மண்ணைப் போல மூன்று மடங்கு வீரியம் இருந்தாலும் 326, வரம்புக்குள்தான். அதோடு கல்லில் சாம்பல் மட்டும் இல்லை, மணலும் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் கலந்திருக்கிறது. சூளைக்காரரிடம் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் கொடுப்பார்.

கொத்தனார்_மகன் | புதன், காலை 9.48

சூளை இல்லை சார், ஃபிளை ஆஷ் கல்லைச் சுடுவதில்லை. அச்சில் அழுத்தித் தண்ணீர் விட்டு ஆறவைப்பார்கள். 😀

நான் சொல்ல வந்தது வேறு. லாரியிலிருந்து கல்லை இறக்கும்போதும் மெஷினில் வெட்டும்போதும் வருகிற தூள்தான் எமன். எங்கள் அப்பா நாற்பது வருஷம் கொத்து வேலை செய்தவர். அவருக்கு இருமல் கதிர்வீச்சால் வரவில்லை, தூசியால் வந்தது. முந்திரிக்காடு, உங்கள் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: வெட்டும் முன் கல்லை நனைக்க வேண்டும், வெட்டுபவர் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல முகமூடி வேண்டும். 1999-ல் அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இந்தச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது, பிறகு அந்தத் தூரத்தைக் கூட்டினார்கள். நம் பக்கம் பாதி வீடு அதில்தான் எழும்பியிருக்கிறது.

மணவாளக்குறிச்சி_மருமகள் | புதன், மதியம் 1.30

நான் குமரி மாவட்டத்துக்காரி, பண்ருட்டியில் வாக்கப்பட்டவள். எங்கள் ஊர்க் கடற்கரை மணல் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு. சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுப்போம், கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, மோனசைட்டில் தோரியம். இங்கே 0.27-க்குப் பயப்படுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் அந்தக் கருவியை வைத்தால் மச்சான் துபாய்க்கே திரும்பிவிடுவார்.

கொல்லம் மாவட்டத்தில் கருநாகப்பள்ளியும் இதே மணல்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாக அந்தக் கணக்கில் தெரியவில்லை.

கெடிலக்கரை | புதன், மதியம் 2.10

அம்மா, அந்த ஆய்வை எடுத்துக்காட்டித்தான் எல்லோரும் வாயை அடைக்கிறார்கள். அதில் முக்கியமாகக் கணக்கிட்டது வெளியிலிருந்து உடம்பில் படும் காமாக் கதிர். மூச்சில் உள்ளே போவது வேறு கதை. இத்தனை பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசமே இல்லை என்பதும் ஒன்றா? ஜார்க்கண்டில் ஜாதுகுடாவைப் பாருங்கள். 1967-லிருந்து யுரேனியச் சுரங்கம். கழிவுக் குட்டைக்கு ஓரமாகவே சந்தால் பழங்குடிக் கிராமங்கள். அந்த மக்கள் சொல்வதை யார் கேட்டார்கள்?

பழைய_டோசிமீட்டர் | புதன், மாலை 5.45

இதில் பாதி கெடிலக்கரை பக்கம் நான். காமாவும் மூச்சும் ஒன்றல்ல. தம்பியின் கருவியும் அந்த இரண்டாவதைக் காட்டாது. நான் இந்த இழையில் முக்கியமாகச் சொல்ல நினைத்ததும் இதுதான்.

யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் என்று ஒரு வாயு பிறக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. 3.8 நாளில் பாதியாகக் குறையும். அந்த நாலு நாளுக்குள் தரை வெடிப்பு வழியாக, சுவர் வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். ரேடானை இழுத்து அப்படியே வெளியே விட்டால் பெரிய பாதிப்பு இல்லை. அது சிதைந்து வரும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கினால்தான் வினை. முன்னே சொன்ன 2.4 மில்லிசீவர்ட்டில் பாதி இந்த வகையிலிருந்துதான் வருகிறது. 1988-லேயே ரேடானைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டார்கள். வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. அது முடியாத நாடுகளில் 300-ஐத் தாண்டக் கூடாது.

ஜாதுகுடா பூமிக்குள் குடைந்த சுரங்கம், தோண்டுவதே யுரேனியத் தாது. குகையில் ரேடான் தேங்கும், காற்றோட்டம் செய்தே தீர வேண்டும். நெய்வேலி திறந்த சுரங்கம். வானம் பார்த்த குழி, கடலிலிருந்து வரும் காற்று அடித்துக்கொண்டு போகிறது. அதனால் ரேடான் விஷயத்தில் குழியைவிட வீட்டைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் ஜன்னல் சாத்திய அறைகளை. இதை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், குழி அவ்வளவு பெரியது.

வார்டு_எண்_7 | புதன், இரவு 8.30

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன், எது என்று வேண்டாம். அப்பா விஷயம் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை.

தம்பி, ஒரு மனிதருக்கு எதனால் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. தூசியா, பீடியா, ரேடானா? மூன்றும் ஒரே நுரையீரலில்தான் போய்ச் சேருகின்றன. ரேடானும் புகையும் சேர்ந்தால் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும். புகையிலையிலேயே பொலோனியம்-210 இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. அப்பா இனி பீடியைத் தொடக் கூடாது, வீட்டில் வேறு யாரும் அவர் முன்னால் பிடிக்கக் கூடாது.

முந்திரிக்காடு | புதன், இரவு 9.05

அக்கா, ஒரு சந்தேகம். அப்பாவுக்கு மூன்று மாதத்தில் மூன்று முறை மார்பு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் கதிர்வீச்சு உண்டுதானே?

வார்டு_எண்_7 | புதன், இரவு 9.20

உண்டு. ஒரு மார்பு சிடி சுமார் 7 மில்லிசீவர்ட். மூன்றுக்கு 21. உங்கள் மாடி எண்ணை வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டால் 1.2 சொச்சம்தான். ஆனால் அப்பாவுக்கு அந்த ஸ்கேன் வேண்டும். கட்டி சுருங்குகிறதா என்று வேறு எப்படிப் பார்ப்பது? இந்தக் கணக்கை அவரிடம் சொல்லி ஸ்கேனுக்கு வர மாட்டேன் என்று சொல்ல வைத்துவிடாதீர்கள், ப்ளீஸ். அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

பாகூர்_செல்வி | வியாழன், காலை 7.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாகூர் அடியிலும் லிக்னைட் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

பழைய_டோசிமீட்டர் | வியாழன், காலை 8.00

இருக்கிறது, அம்மா. ஆனால் ஆழத்தில் புதைந்து கிடக்கும் வரை உங்களை ஒன்றும் செய்யாது. மேலே இருக்கும் மண்ணும் தண்ணீரும் காமாவைத் தடுத்துவிடும், ரேடான் மேலே ஏறி வருவதற்குள் செத்துவிடும். என்றைக்காவது தோண்டினால் உங்கள் முதல் கவலை தண்ணீராகத்தான் இருக்கும். நெய்வேலியில் லிக்னைட்டுக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. அதை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் குழி நிற்கும். கடலோரமாக அப்படி இறைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பாகூர்_செல்வி | வியாழன், காலை 8.12

தெரியும் சார். எங்கள் கொல்லை போர்த் தண்ணீரில் இப்போதே சோறு வடித்தால் உப்புக் கரிக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் அப்படி இல்லை.

கெடிலக்கரை | வியாழன், இரவு 10.40

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். "கதிர்வீச்சு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை நாளைக்கு யாராவது வெட்டி எடுத்து, "அப்படியானால் எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று பரப்புவார்கள். நிலம் போனவனுக்கு, 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காக, நின்ற நெற்பயிரில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தவனுக்கு, பரவனாற்றுத் தண்ணீரை நம்பி இருந்தவனுக்கு, மைக்ரோசீவர்ட் கணக்கு எதற்கு?

பழைய_டோசிமீட்டர் | வெள்ளி, காலை 6.20

ஒத்துக்கொள்கிறேன். நான் கருவியைப் பற்றி மட்டும் பேசினேன். கருவி கையில் இருப்பவனுக்கு எல்லாமே அளவாகத் தெரியும், அது என் தொழில் வியாதி. ஆனால் நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து "கதிர்வீச்சால் சாகிறோம்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து 0.12 என்று காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். "காற்றில் நுண்தூசி எவ்வளவு, போர்த் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, ஒப்பந்தத் தொழிலாளிக்கு முகமூடி உண்டா" என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகப் போக முடியாது.

கெடிலக்கரை | வெள்ளி, காலை 6.55

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார்.

முந்திரிக்காடு | பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.00

எல்லோருக்கும் நன்றி. டோசிமீட்டர் சார் சொன்னபடி பத்துப் பத்து நிமிஷம் வைத்து, மொத்தத்தையும் எண்ணி எடுத்தேன். மாடி 0.12. கூடம் 0.15. சிவப்புக் கிரானைட் மேடை 0.24, அது மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. பெரியப்பாவின் ஃபிளை ஆஷ் கல் 0.17. பக்கத்திலேயே எங்கள் பழைய செங்கல் சுவர் 0.16. இரண்டையும் பெரியப்பாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார், டிரான்சிஸ்டர் வைத்த பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் குழந்தைகளோடு போனோம், சும்மா இருக்க முடியவில்லை. சாதா மணலில் 0.11. அலை ஒதுக்கிப் போட்டிருந்த கறுப்புக் கோட்டின் மேல் 0.31! மேடையையே தோற்கடித்துவிட்டது. மணவாளக்குறிச்சி அக்கா சிரிப்பார்கள். அடுத்த வாரம் காந்தம் எடுத்துப் போகிறோம்.

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒரு வேடிக்கை. கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "என்னடா, பல்லி விடாம சொல்லுது?" என்றார். கருவி என்றேன். "எந்தத் திசையிலிருந்துடா?" என்றார். தெற்கு என்றேன். காலண்டரைத் திருப்பிப் பின்பக்கத்தில் பலன் பார்க்கச் சொல்லிவிட்டார். நானும் பார்த்துச் சொன்னேன். என்ன பலன் என்று இங்கே எழுத மாட்டேன்.

பழைய_டோசிமீட்டர் | ஞாயிறு, மாலை 6.30

சுத்தமான அளவு. ஒருவர் வீட்டு எண்ணை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் வீட்டுக்கு இது போதும். மிச்சம் ரேடான்தான். புதுச்சேரியில் ஒரு கல்லூரி இயற்பியல் துறையில் என் பழைய மாணவர் இருக்கிறார். சின்ன டப்பிக்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் வைத்துத் தருவார். ஆல்ஃபாத் துகள் பட்ட இடத்தில் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். ரசாயனத்தில் ஊறவைத்தால் வடு பெரிதாகும், மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொள்ளலாம். மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். அப்பா படுக்கும் அறையில் ஒன்று, ஜன்னல் இல்லாத சாமான் அறையில் ஒன்று. சுவரை ஒட்டி வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். தூங்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தும் வழக்கம் இருந்தால் அப்படியே சாத்துங்கள். நான் சொன்னேன் என்று மூன்று மாதம் மட்டும் திறந்து வைத்தால் கணக்கு கெட்டுப்போகும்.

முந்திரிக்காடு | அடுத்த வியாழன், இரவு 8.50

டப்பி வந்துவிட்டது சார். சாமான் அறையில் நெல் மூட்டைக்கு மேலே ஒன்று, அப்பா அறையில் விட்டத்திலிருந்து நூல் கட்டி ஒன்று. அம்மா அதற்குப் பொட்டு வைக்கப் பார்த்தார், தடுத்துவிட்டேன். தேதியைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா வேலையை ஆரம்பித்துவிட்டார். கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட இருநூறு ரூபாய் கூடுதல் கூலி ஆனது. கல்லை நனைத்துத்தான் வெட்டுகிறார்கள், நான் நிற்கும்போது மட்டும்.

கொத்தனார்_மகன் | வியாழன், இரவு 9.02

அப்படியானால் தினமும் போய் நில்லுங்கள்.